டிராக் காத்திருக்காது!

ஆண்டு விழா நெருங்கிவிட்டது. பாட்டுக்கு டிராக் போடுவதா, கீபோர்டு வாசிப்பதா என்று நம் பள்ளியில் ஒரே பட்டிமன்றம். "ரெண்டையும் சேர்த்துப் போடு, சூப்பரா இருக்கும்" என்கிறார்கள் சிலர். சேர்க்கலாம் நண்பர்களே, ஆனால் எதை எதோடு?

கீபோர்டில் ஓடும் ஸ்டைல் இடது கை பிடிக்கும் கார்டுக்குக் கட்டுப்படும். பாடுபவர் சரணத்தை மறந்து முழித்தால், வாசிப்பவர் அதே கார்டைப் பிடித்துச் சுற்றவிடலாம். டிரான்ஸ்போஸ் பட்டனை அமுக்கினால் சுருதியும் இறங்கும். பதிவு செய்த டிராக் அப்படியா? அது பாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்கும்!

இரண்டிலும் தாளம் இருந்தால் கேட்கவே வேண்டாம். டிராக்கின் வேகம் நிமிடத்துக்கு 120 தட்டு, கீபோர்டு 121 என்று வைத்துக்கொள்வோம். 30 நொடியில் அரைத் தட்டு விலகும். ஒரு நிமிடத்தில் ஒரு தட்டு முழுசா ஓடிப்போயிடும்.

எனவே என் கருத்து: பாடுபவரின் சுருதியில் நாமே பதிந்த தம்புரா, மழைச் சத்தம், குயில் கூவல் மட்டும் டிராக்கில் இருக்கட்டும். தாளம் கீபோர்டுக்கே.

முதல் முறை மேடை ஏறும் ஆறாம் வகுப்புத் தம்பி ஓர் அடி தவறவிட்டால், கீபோர்டு அக்கா தாங்கிப் பிடிப்பார். டிராக் பிடிக்குமா? யோசியுங்கள்!