கையிலிருப்பதைக் கொண்டு ஒரு படம்

“அம்மா, நான் படம் எடுக்கப் போகிறேன்” என்று ஒரு பிள்ளை சொன்னால், நம் வீடுகளில் இரண்டில் ஒன்று நடக்கும். “உருப்படியாக ஒரு வேலையைத் தேடு” என்று அப்பா சத்தம் போடுவார். இல்லையென்றால், பிள்ளையின் முகம் வாடக்கூடாதே என்று அம்மா கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுப்பார். இரண்டுமே வேண்டாம் என்று சொல்லத்தான் இம்முறை இந்தப் பகுதியை எழுதுகிறேன்.

சினிமா நமக்குப் புதிதல்ல. தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலத்தில், பாயைத் தூக்கிக்கொண்டு பொழுது சாயும் முன்பே போய் இடம் பிடித்தவர்கள் நாம். ஆனால் படம் என்பது சென்னையிலிருந்து பெட்டியில் வந்து இறங்கும் சரக்கு, நமக்குப் பார்க்க மட்டுமே உரிமை உண்டு என்ற எண்ணம் நமக்குள் ஊறிப்போய்விட்டது.

அந்த எண்ணத்தை உடைத்த படங்கள் இந்த மண்ணிலேயே பிறந்திருக்கின்றன. 2005-ஆம் ஆண்டில் வெளிவந்தது தீபக் குமரன் மேனனின் ‘செம்மண் சாலை’. ரப்பர் தோட்டத்தில் பிறந்து, மேலே படிக்க ஆசைப்படும் ஒரு பெண்ணின் கதை அது. 2015-இல் வந்தது சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’. தோட்டத்தை விட்டு வெளியேறிப் புறம்போக்குக் குடியிருப்பில் ஒதுங்கிய ஒரு குடும்பத்தையும், அங்கே வளரும் ஒரு சிறுவனையும் அது காட்டியது. 2016-இல் நடந்த 28-ஆவது மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படம் என்ற விருதை அந்தத் தமிழ்ப் படம் பெற்றது.

இவ்விரண்டு படங்களிலும் வெளிநாட்டுப் பாட்டுக் காட்சி இல்லை. பெரிய நட்சத்திரம் இல்லை. நாம் வாழ்ந்த வாழ்க்கை இருந்தது. அதுதான் முதல் பாடம். நம்மிடம் இல்லாததை எண்ணிக் கதை எழுதினால் கடன்தான் மிஞ்சும். இருப்பதை எண்ணி எழுதினால் படம் மிஞ்சும்.

இந்த வழியில் உலகம் முழுவதும் பேசப்பட்ட ஒருவர் இருக்கிறார். அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தைச் சேர்ந்த ராபர்ட் ரோட்ரிகஸ் அவர். பத்துப் பிள்ளைகள் உள்ள குடும்பத்தில் பிறந்தவர். 1991-இல், தம் 23-ஆம் வயதில், ‘எல் மரியாச்சி’ என்ற படத்தைச் சுமார் 7,000 டாலரில் எடுத்தார். மெக்சிகோ எல்லைப் பட்டணம் ஒன்றில் இருந்த அவருடைய நண்பர்தான் கதாநாயகன். எழுத உட்காரும் முன் இருவரும் தங்களுக்குக் கிடைக்கக்கூடிய பொருள்களை எண்ணிப் பார்த்தார்கள். ஒரு பேருந்து, ஒரு பண்ணை வீடு, மதுக்கடை, ஒரு நாய், ஓர் ஆமை! இவற்றை வைத்தே கதை பின்னினார்கள்.

கேமரா இரவல். அதை நகர்த்த வண்டி கிடையாது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்து படம் பிடித்தார், மற்றவர் தள்ளினார். பிலிம் விலை அதிகம் என்பதால் பெரும்பாலான காட்சிகளை ஒரே முறைதான் எடுத்தார். கேமராவோடு சேர்த்து ஒலிப்பதிவு செய்ய வசதியில்லை. நடித்து முடித்ததும் அதே வசனத்தை மறுபடி பேசச் சொல்லி ஒலிநாடாவில் பதிந்துகொண்டார். வாயசைவு பொருந்தாத இடத்தில் நாயின் முகத்தைக் காட்டிச் சமாளித்தார். 1993-இல் சண்டான்ஸ் திரைப்பட விழாவில் பார்வையாளர் விருது அந்தப் படத்துக்குக் கிடைத்தது. கொலம்பியா நிறுவனம் அதை வாங்கி வெளியிட்டது.

இந்தக் கதையை நம் பிள்ளைகள் ஏற்கெனவே கேட்டிருப்பார்கள். ஆனால் அதன் பாதியைத்தான் கேட்டிருப்பார்கள். அந்த 7,000 டாலருக்குப் பின்னால் பல ஆண்டுப் பயிற்சி இருந்தது. சிறுவயதிலேயே அப்பாவின் வீடியோ கருவியில் தம்பி தங்கைகளை நடிக்க வைத்துப் படம் படமாக எடுத்துப் பழகியவர் அவர். இரண்டு வீடியோ கருவிகளை இணைத்து வெட்டி ஒட்டக் கற்றுக்கொண்டார். இன்னொன்றும் உண்டு. திரையரங்குக்குத் தக்கபடி படத்தையும் ஒலியையும் செப்பனிட்டு விளம்பரம் செய்ய, படமெடுத்த செலவைப்போல் பல மடங்கு பணத்தை அந்த நிறுவனம் செலவிட்டது. ஆகவே “குறைந்த செலவில் எடுத்தேன்” என்பதை “குறைந்த செலவில் திரைக்கு வந்தது” என்று எண்ணிவிடாதீர்கள்.

“சத்யஜித் ராய்கூட மனைவியின் நகையை அடகு வைத்துத்தானே படம் எடுத்தார்?” என்று பிள்ளை கேட்கலாம். உண்மைதான். ‘பதேர் பாஞ்சாலி’க்காக அவர் நகையை அடகு வைத்தார், காப்புறுதியின் பேரிலும் பணம் வாங்கினார். அது போதவில்லை. 1952-இல் தொடங்கிய வேலை பணமில்லாமல் பலமுறை நின்றது. கடைசியில் மேற்கு வங்காள அரசு பணம் கொடுத்த பிறகுதான் 1955-இல் படம் முடிந்தது. ஆனால் அவர் விளம்பர நிறுவன வேலையை விடாமல், விடுமுறை நாள்களில்தான் படப்பிடிப்பைத் தொடங்கினார் என்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. நகையைப் பின்பற்றாதீர்கள், அந்த ஒழுங்கைப் பின்பற்றுங்கள்.

பெற்றோர்களே, முதல் படத்துக்கு அடகுக் கடையும் வேண்டாம், வட்டிக்காரரும் வேண்டாம், ஊழியர் சேமநிதிப் பணமும் வேண்டாம். விரலுக்குத் தகுந்த வீக்கம் போதும். வீட்டில் ஒரு கைப்பேசி இருக்கிறதல்லவா? அதுவே போதிய கேமரா.

தம்பி தங்கைகளே, இனி உங்களிடம் பேசுகிறேன். முதல் படம் மூன்று நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம். ஓர் இடம், இரண்டு பேர், ஒரு சிக்கல். திரைக்கதையில் ஒரு பக்கம் என்றால் திரையில் ஏறக்குறைய ஒரு நிமிடம் என்பது பொதுக்கணக்கு. அப்படியானால் நீங்கள் எழுத வேண்டியது மூன்றே பக்கம்.

படம் கொஞ்சம் மங்கினாலும் பார்ப்பவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். பேச்சு கேட்காவிட்டால் எழுந்து போய்விடுவார்கள். அதனால் ஒலியில் கவனம் வையுங்கள். நடிப்பவரின் சட்டைப் பையில் இன்னொரு கைப்பேசியை வைத்துக் குரலைப் பதியுங்கள். ஒவ்வொரு காட்சியின் தொடக்கத்திலும் கேமரா முன்னால் ஒரு முறை கைதட்டுங்கள். பிறகு படத்தையும் ஒலியையும் பொருத்த அந்தத் தட்டல் உதவும். மின்விசிறியை நிறுத்துங்கள். தகரக் கூரையில் மழை கொட்டும்போது வசனக் காட்சியை எடுக்காதீர்கள்.

வெளிச்சத்துக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. காலை வெயிலும் மாலை வெயிலும் முகத்துக்கு நல்லவை. உச்சி வெயில் கண்ணுக்கடியில் கருநிழல் விழச் செய்யும். வீட்டுக்குள் என்றால் சன்னலோரம் உட்கார வையுங்கள். முதலில் தூரத்திலிருந்து முழுக் காட்சி, பிறகு அருகிலிருந்து முகம், பிறகு கை என்று எடுத்து வைத்தால் வெட்டி ஒட்டும்போது தவிக்க மாட்டீர்கள். அதற்கு ‘டாவின்சி ரிசால்வ்’ போன்ற மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

சினிமாப் பாட்டை எடுத்து ஒட்டாதீர்கள். அது பிறர் சொத்து. உங்கள் ஊர்த் தப்படிப்பவரைக் கேட்டு, அவர் சம்மதத்தோடு வாசிக்கச் சொல்லிப் பதியுங்கள். தோட்டத்துக்குள் எடுப்பதானால் நிர்வாகத்தின் அனுமதியை முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள். மோட்டார் சைக்கிள் துரத்தல் போன்ற ஆபத்தான விளையாட்டு வேண்டாம். உழைக்க வந்தவர்களுக்குச் சம்பளம் கொடுக்க முடியாவிட்டாலும், வயிறாரச் சாப்பாடு போடுங்கள். நாளை வருமானம் வந்தால் யாருக்கு எவ்வளவு என்பதை முதல் நாளே எழுதிக் கையெழுத்திடுங்கள். கூட்டாளிகள் பகையாவது பெரும்பாலும் இந்தத் தாள் இல்லாததால்தான்.

படம் முடிந்ததும் பத்துப் பேருக்குப் போட்டுக் காட்டுங்கள். விளக்கம் சொல்லாமல் அவர்கள் முகத்தை மட்டும் பாருங்கள். எந்த இடத்தில் பார்வை வேறு பக்கம் போகிறதோ, அந்த இடத்தை வெட்டுங்கள். பிறகு அடுத்த படம். இப்படி ஐந்தாறு முடித்தபின், தொலைக்காட்சி நாடகமோ விளம்பரமோ எடுக்கும் குழுவில் சேர்ந்து கம்பி சுருட்டும் வேலையானாலும் செய்யுங்கள். ஒலி, ஒளி, ஒப்பனை, கணக்கு என்று ஏதாவது ஒன்றில் கை தேர்ந்தவருக்குச் சோறு கிடைக்கும். அங்கிருந்தே இயக்குநர் நாற்காலிக்கும் வழி உண்டு. முழு நீளப் படமாக எடுத்து அரங்கில் வெளியிடும் நாள் வந்தால், 1981-இல் சட்டத்தால் அமைந்த ஃபினாஸ் என்னும் தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகத்தின் உரிமமும், தணிக்கை வாரியத்தின் ஒப்புதலும் தேவைப்படும். வேலையைத் தொடங்கும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

இந்தத் துறை ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் என்று எண்ணி மகளைத் தடுக்காதீர்கள். 2006-இல் ‘லவ் கான்குவர்ஸ் ஆல்’ என்ற படத்தை எடுத்து, ரோட்டர்டாம் திரைப்பட விழாவில் பரிசு வாங்கிய தான் சுயி முய் நம் நாட்டுப் பெண்தான்.

என்ன கதை எடுப்பது என்று இன்னமும் யோசிக்கிறீர்களா? நம் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன, லயங்கள் இடிந்தன, ரப்பர் நின்ற இடத்தில் செம்பனையும் வீடமைப்புத் திட்டங்களும் வந்துவிட்டன. விடியற்காலைப் பெரட்டுக்கு ஓடிய, நெற்றியில் விளக்குக் கட்டிப் பால் வெட்டிய பாட்டிமார் சிலர்தான் மிச்சம். அவர்கள் போய்விட்டால் அந்தக் கதையைச் சொல்ல எந்தச் சென்னைப் படமும் வரப்போவதில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை பாட்டியைச் சன்னலோரம் உட்கார வைத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு, “நீங்கள் முதன்முதலில் மரம் வெட்டப் போன நாளைச் சொல்லுங்கள், பாட்டி” என்று கேளுங்கள். உங்கள் முதல் படம் அதுவாகவே இருக்கட்டும். அதற்கு ஒரு வெள்ளிகூடச் செலவில்லை.