சனி பிடித்ததா, கொசு கடித்ததா?

2006-ஆம் வருஷத்தில் சிக்குன்குனியாக் காய்ச்சல் தமிழ்நாடெங்கும் பரவியபோது நமது சேலம் ஜில்லாவும் தப்பவில்லை. காய்ச்சல் ஒரு வாரத்தில் போயிற்று. மூட்டுவலியோ பலருக்கு மாதக்கணக்கிலும், சிலருக்கு வருஷக்கணக்கிலும் போகவில்லை. இன்றும் இக்காய்ச்சல் கண்டவர்களில் பலருக்கு இதே கதிதான். தறிக்காரர் விரல் மடங்காமல் அறுந்த நூலை முடிய முடிவதில்லை. லாரி டிரைவர் கிளச்சை மிதிக்க முடிவதில்லை.

இதற்கு ஜோசியர் சொல்லும் காரணம் "காலில் சனி" என்பதாகும். பரிகாரம் எள் விளக்கும் தக்ஷிணையும். நாம் கேட்கின்றோம்: அவர்கள் பஞ்சாங்கப்படியே ஏழரைச் சனி 12 ராசிகளில் 3 ராசிக்காரரைத்தானே பிடிக்கும்? அஷ்டமச் சனியையும் சேர்த்துக் கொள்ளட்டும், 4 ஆகிறது. மற்ற 8 ராசிக்காரரும் அதே தெருவில், அதே மாதத்தில் நொண்டியது எந்தச் சனியால்? 1952-ல் ஆப்பிரிக்காவின் டாங்கனீக்காவில் இந்நோய் கண்டவர்கள் கூனிப்போனதால், மக்கோண்டே பாஷையில் 'வளைந்து போவது' என்னும் பொருளில் இப்பெயர் வந்தது. அவர்களுக்கு ஜாதகம் கணித்த ஜோசியர் யார்?

இதைப் பரப்புவது பகலில் கடிக்கும் ஏடிஸ் கொசு. அது தேடுவது சாக்கடையையல்ல, தேங்கிய தெளிந்த நீரை. சங்ககிரியோ லாரிக்குப் பேர்போன ஊர். பட்டறை ஓரத்துப் பழைய டயரில் மழைநீர் நின்றால் பத்து நாளில் கொசு கிளம்பும்; நீர் வற்றினாலும் முட்டை மாதக்கணக்கில் சாவதில்லை. திருஷ்டிக்கு எலுமிச்சம்பழம் கட்ட மறவாத லாரி முதலாளி, டயர் நீரைக் கொட்ட மட்டும் மறந்துவிடுகிறார்!

வைரஸைக் கொல்லும் மருந்து இன்னும் இல்லையென்றாலும், வலியைத் தணிக்க மருந்தும் பயிற்சியும் உண்டு. மூன்று மாதம் கடந்தும் வலித்தால் டாக்டரிடம் காட்டியே தீரவேண்டும். ஆனால் நம் வீடுகளில் நடப்பதென்ன? களையெடுக்கக் குந்த முடியாத பெண்ணைச் சோம்பேறி என்று ஏசிவிட்டு, சனிக்கிழமைதோறும் ஒன்பது சுற்றுச் சுற்றிவர அதே காலோடு கோயிலுக்கு அனுப்புகிறார்கள்.