பழைய சாக்ஸபோனுக்குப் புது மினுக்கு எதற்கு?

சாக்ஸபோன் தெரியாதவர் நம் கல்லூரியில் இருக்க மாட்டார்கள். 1994-ல் வந்த ‘டூயட்’ படத்தில் கத்ரி கோபால்நாத் வாசித்தாரே, அந்த வாத்தியம்தான். ஆனால் அதன் மேல் லேக்கர் என்று ஒரு பூச்சு இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்? பேங்க் லாக்கர் அல்ல நண்பர்களே! பித்தளை கறுக்காமல் இருக்க அடிக்கும் கண்ணாடி மாதிரியான வார்னிஷ். தலைமுடி கனம்கூட இருக்காது. அது பழசாகித் திட்டுத் திட்டாக உரிய ஆரம்பித்தால், மொத்தத்தையும் எடுத்துப் பளபளன்னு ஆக்கிடணும்னு கை அரிக்கும். எனக்கும் அரித்தது.

என் தாய்மாமா கல்யாண பேண்டு செட்டில் சாக்ஸபோன் வாசிக்கிறார். செகண்ட் ஹேண்டில் வாங்கிய பழைய ஆல்டோ. ஒரு கல்யாண வீட்டில், “என்னப்பா, துருப்பிடிச்சதைத் தூக்கிட்டு வந்திருக்கீங்க”ன்னு கேட்டுட்டாங்க. (துருப்பிடிக்க அது இரும்பா என்று அங்கே யார் சொல்வது?) மாமா நேரே என்னிடம் வந்தார். “மாப்ள, நம்ம குடும்பத்துலயே படிக்கிறவன் நீதான். பாலிஷ் போட்டுடலாமா, நீ சொல்லு” என்றார். நான் அப்போது முதல் வருஷம். பஃபிங் சக்கரத்தைத் தூரத்தில் நின்று பார்த்ததோடு சரி. “தாராளமா போடலாம் மாமா” என்று சொல்லிவிட்டேன்.

நல்ல வேளை, முதலில் மேலே இருக்கும் வளைவுக் குழாயை மட்டும்தான் பட்டறைக்குக் கொடுத்தார். தங்கம் மாதிரி திரும்பி வந்தது. மாட்டினால் லொடலொடவென்று ஆடுது! செதுக்கியிருந்த கம்பெனி முத்திரையில் பாதி காணோம். சக்கரம் லேக்கரை மட்டும் தின்னாது, கீழே இருக்கிற பித்தளையையும் தின்னும். குழாயின் தகடே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அதில் இழந்ததை எந்தக் கடையில் வாங்குவது? இன்றைக்கும் மாமா அந்த இடத்தில் டெஃப்லான் டேப்பைச் சுற்றித்தான் வாசிக்கிறார். ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டம்.

சக்கரம் வேண்டாம், கெமிக்கல் போட்டு எடுக்கலாமே என்று கேட்பீர்கள். பழங்காலத்து நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர் என்றால் வெந்நீரிலேயே ஓரளவு உரியும். பிறகு வந்த, சூட்டில் இறுக வைத்த எபாக்ஸி லேக்கர் அதற்கு மசியாது. அதற்காகப் பலர் தேடிப் போவது மெத்திலின் குளோரைடு. அந்த ஆவியைச் சுவாசித்தால் உடம்புக்குள் கார்பன் மோனாக்சைடாக மாறும். அமெரிக்காவில் வீட்டு உபயோகப் பெயிண்ட் நீக்கிகளில் 2019-லேயே அதைத் தடை செய்தார்கள். ஜன்னல் இல்லாத வாடகை வீட்டில் அதைத் திறக்கலாமா?

சரி, எப்படியோ எடுத்தாயிற்று. அப்புறம்? நம் ஊர் வியர்வைக்கும் ஈரக்காற்றுக்கும் வெறும் பித்தளை சீக்கிரமே கறுக்கும். மாசாமாசம் பாலிஷ். பித்தளைப் பாலிஷ் பலவற்றில் அம்மோனியா உண்டு. வெள்ளைக்காரன் காலத்தில் இந்தியாவில் குதிரை லாயங்களின் பக்கத்தில் வைத்திருந்த பித்தளைத் தோட்டாக் கூடுகள் மழைக்காலத்தில் தானாக வெடிப்பு விட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பிய அம்மோனியாதான் காரணம் என்று 1921-ல் கண்டுபிடித்துச் சொன்னார்கள். இழுத்து வளைத்துச் செய்த பித்தளைக்கு அம்மோனியா ஆகவே ஆகாது.

லேக்கரை எடுத்தால் நாதம் திறக்கும் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. சத்தம் பிறப்பது ரீடிலும் உள்ளே இருக்கும் காற்றிலும். துளைகளை மூடும் தோல் பேடு ஒன்று கசிந்தாலே கீழ் ஸ்வரம் வராது. மாமாவின் வாத்தியத்தில் மூன்று பேடு கசிகிறது. உள்ளே பல்பு விட்டு, இருட்டில் வெளிச்சம் எங்கே தெரிகிறது என்று பார்த்து நானே கண்டுபிடித்தேன். பாலிஷுக்கு வைத்த காசைப் பேடுக்குப் போடச் சொன்னேன். பற்றவைக்க வேண்டிய இடம் வந்தால் அந்த இடத்தில் மட்டும் லேக்கரை எடுக்கட்டும், தப்பில்லை.

ஆனாலும் கல்யாண வீட்டுக்காரன் கண்ணுக்கு ஏதாவது வேண்டுமே! அது பொழைப்பு, அலட்சியமாகப் பேச முடியாது. சோப்புத் துணியால் துடைத்து, காய்ந்ததும் லேசாக மெழுகு தேய்த்தோம். பாதி குறை மறைந்தது. மீதிப் பாதிக்கு, தை முகூர்த்தத்துக்குள் பேண்டு யூனிபாரத்தைச் சலவைக்குப் போடச் சொல்லியிருக்கிறேன்.