கட்டை வாங்கப் போகிறீர்களா? முதலில் சார்ஜரைப் பாருங்கள்!



பாட்டரிக் கட்டையைப் பற்றி எழுதக் குடும்பப் பெண்களுக்கு என்ன இருக்கிறது, அதெல்லாம் ஆம்பிளைங்க வாங்கி வர்ற சாமான் ஆச்சே என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் இருந்தேன், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து எனக்குப் பாடம் கற்பிக்கும் வரை.

சென்னையில் இருப்பவர்களுக்கு அந்த நாட்கள் மறந்திருக்காது. டிசம்பர் 4-ஆம் தேதி காலையில் போன கரண்ட் எங்கள் தெருவில் மறுநாள் ராத்திரியும் வரவில்லை. வாசலில் முழங்கால் தண்ணீர். வீட்டிலிருந்த செல்போன்கள் ஒவ்வொன்றாகச் செத்துப் போய்விட்டன. அந்த இரண்டாம் நாள் ராத்திரி பதினோரு மணிக்கு மூன்று வயதுப் பேரனுக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது.

"அத்தை, டார்ச் எங்கே இருக்கு?" என்றாள் மருமகள்.

"அலமாரி மேல்தட்டிலே வச்சிருக்கேன் பாரும்மா. ஆடி மாசமே சார்ஜ் பண்ணி வச்ச கட்டை" என்று பெருமையாகச் சொன்னேன். ஆடிக் காற்றில் கரண்ட் போகுமே என்று முன்யோசனையாகச் செய்து வைத்தவள் அல்லவா நான்!

டார்ச்சை அமுக்கினால் மின்மினிப் பூச்சி மாதிரி ஒரு வெளிச்சம். இரண்டு நிமிஷத்தில் அதுவும் போய்விட்டது.

மருமகள் இருட்டிலேயே மருந்துப் பெட்டியைத் துழாவி ஒரு பாட்டிலை எடுத்துவிட்டாள். டாக்டர் சொல்லியிருந்த கணக்கு ஐந்து மில்லி. மூடியில் ஊற்றப் போனவள் சட்டென்று நின்று, "என்ன அத்தை, பாட்டில் இவ்வளவு சின்னதா இருக்கு?" என்றாள். பூஜை அறையிலிருந்த காமாட்சி விளக்கின் கீழ் கொண்டு போய்ப் படித்தோம். குழந்தை கைக்குழந்தையாக இருந்தபோது வாங்கியதற்குப் பிறகு அதே மருந்தில் வாங்கி வைத்த சொட்டு மருந்து அது! காய்ச்சலுக்குக் கொடுக்கிற பாரசிட்டமால்தான் இரண்டுமே. ஆனால் சிரப்பில் ஐந்து மில்லிக்கு 120 மில்லிகிராம் என்றால், சொட்டு மருந்தில் ஒரே மில்லிக்கு 100 மில்லிகிராம். ஐந்து மில்லி ஊற்றியிருந்தால் நாலு மடங்குக்கும் மேல் உள்ளே போயிருக்கும். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

தண்ணீர் வடிந்த பிறகு, பாலிடெக்னிக்கில் பாடம் சொல்லிக் கொடுக்கும் என் தம்பி வந்தான். அவனிடம் கட்டையையும் சார்ஜரையும் காட்டி, "3000 என்று போட்டிருந்ததுடா, இருப்பதிலேயே பெரிய நம்பர் என்றுதான் வாங்கினேன்" என்றேன். அவன் சிரித்தான்.

"அக்கா, பானை பெரிசா இருந்தா மட்டும் போதுமா? அடியிலே பொத்தல் இருக்கே!"

அவன் சொன்னதையும், பிறகு நானே செய்து பார்த்துத் தெரிந்துகொண்டதையும் உங்களுக்குச் சொல்கிறேன்.

எந்தக் கட்டை?

திரும்பத் திரும்பச் சார்ஜ் செய்கிற கட்டைகளில் வீட்டுக்கு ஏற்றது நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு என்ற வகை. கட்டையின் மேல் 'என்.ஐ - எம்.எச்' என்று ஆங்கில எழுத்துக்கள் இருக்கும். டபுள் ஏ என்கிற பென்டார்ச் கட்டை, டிரிபிள் ஏ என்கிற ரிமோட் கட்டை, இரண்டு அளவிலும் கிடைக்கிறது.

கட்டையில் போட்டிருக்கும் எம்.ஏ.எச். நம்பர், பானை எவ்வளவு கொள்ளும் என்பதைச் சொல்வது. நல்ல பென்டார்ச் கட்டையில் அது 1900-லிருந்து 2500 வரை இருக்கும். ரிமோட் கட்டையில் 750-லிருந்து 950 வரை. இதற்கு மேல் 3000, 4000 என்று போட்டு மலிவாக விற்றால் நம்ப வேண்டாம். சந்தேகம் வந்தால் சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள். நல்ல பென்டார்ச் கட்டை 26-லிருந்து 30 கிராம் வரை இருக்கும். நான் வாங்கியது 17 கிராம்தான் இருந்தது! தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்குகிற நாம் இதில் ஏமாறலாமா?

நம்பரைவிட முக்கியம், அடியில் பொத்தல் இருக்கிறதா என்பது. பழைய மாதிரிக் கட்டைகளைச் சார்ஜ் செய்து சும்மா வைத்தாலே சில மாதங்களில் தானாக வடிந்துவிடும். இந்தக் குறையை வெகுவாகக் குறைத்த கட்டையை ஜப்பானின் சான்யோ கம்பெனி 2005-இல் எனலூப் என்ற பெயரில் கொண்டுவந்தது. இன்று பல கம்பெனிகள் அந்த மாதிரி செய்கின்றன. ஒரு வருஷம் பெட்டியில் கிடந்தாலும் பெரும்பகுதி அப்படியே இருக்கும். அட்டையில் 'லோ செல்ஃப் டிஸ்சார்ஜ்' என்றோ, 'ப்ரீ சார்ஜ்டு, ரெடி டு யூஸ்' என்றோ போட்டிருந்தால் அந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். 2000 போட்ட இந்தக் கட்டை, 2500 போட்ட வடிகிற கட்டையைவிட மேல். டார்ச்சுக்கு இதுதான் வேண்டும்.

கட்டையைவிடச் சார்ஜர் பெரிசு

நல்ல கட்டையை வாங்கி மட்டமான சார்ஜரில் போடுவது, நல்ல அரிசியை அடிப்பிடிக்கிற பாத்திரத்தில் வடிக்கிற மாதிரி. என் பழைய சார்ஜர் இரண்டிரண்டு கட்டையாகத்தான் சார்ஜ் செய்யும். எங்கள் டார்ச்சிலோ மூன்று கட்டை. மூன்றாவதுக்கு ஜோடியாகப் பேரனின் பொம்மைக் காரிலிருந்து பாதி தீர்ந்த கட்டையைப் போட்டு வைப்பேன். ஒன்று நிரம்பி வழியும், இன்னொன்று அரைவயிறாக நிற்கும். இரண்டுமே கெட்டுப் போகும்.

சார்ஜர் வாங்கும்போது மூன்று விஷயம் கேளுங்கள்.

ஒன்று: ஒவ்வொரு கட்டையையும் தனித்தனியாகக் கவனிக்கிறதா? ஒரே ஒரு கட்டை போட்டாலும் வேலை செய்ய வேண்டும். ஒவ்வொரு குழிக்கும் தனித்தனி விளக்கு இருந்தால் அது நல்ல அடையாளம்.

இரண்டு: நிரம்பியதும் தானே நிறுத்துகிறதா? கட்டை நிரம்பும் சமயத்தில் அதன் வோல்டேஜ் கொஞ்சம் ஏறி, பிறகு ஒரு துளி இறங்கும். நல்ல சார்ஜர் அதைக் கண்டுபிடித்து நிறுத்திவிடும். பால் பொங்கி வருவதைப் பார்த்து அடுப்பை அணைக்கிற மாதிரி. மலிவுச் சார்ஜர்களில் சில கடிகாரத்தைப் பார்த்து அணைக்கின்றன; சில அணைப்பதே இல்லை. அப்புறம் பால் பொங்கி வழியாமல் என்ன செய்யும்?

மூன்று: எவ்வளவு நேரம் எடுக்கும்? சார்ஜரின் பின்பக்கம் எத்தனை எம்.ஏ. கொடுக்கிறது என்று போட்டிருக்கும். 2000 கட்டைக்கு 500 கொடுக்கிற சார்ஜர் என்றால், 2000-ஐ 500-ஆல் வகுத்தால் நாலு. கொஞ்சம் வீணாவதையும் சேர்த்து நாலரை, ஐந்து மணி நேரம். இது நிதானமான வேகம். அரை மணியில் முடிக்கிறேன் என்கிற சார்ஜர் கட்டையைச் சூடாக்கி ஆயுளைக் குறைக்கும்.

முடிகிற நேரத்தில் கட்டை வெதுவெதுப்பாக இருப்பது சகஜம். கை பொறுக்காத சூடு என்றால் உடனே எடுத்துவிடுங்கள். மெத்தை மேலோ, துணி மேலோ வைத்துச் சார்ஜ் செய்யவே கூடாது.

வீட்டில் கையாளும் விதம்

வாங்கியவுடன் கட்டைகளில் மை பேனாவால் தேதியும் ஓர் எழுத்தும் எழுதிவிடுங்கள். எங்கள் வீட்டில் 'அ' கட்டைகள் டார்ச்சுக்கு, 'ஆ' கட்டைகள் பொம்மைக்கு. ஒன்றாக வாங்கியவை ஒன்றாகவே ஓட வேண்டும். ஜோடி மாட்டில் ஒன்று நொண்டினால் மற்றது இழுத்துக்கொண்டு போகுமே, அதுபோல நல்ல கட்டைகள் பலவீனமான கட்டையை வெறுமையாக்கி, அதற்கப்புறமும் தலைகீழாகத் தள்ளிக் கெடுத்துவிடும். சாதாரணக் கட்டையோடு இதைக் கலந்து போடுவதும் கூடாது.

"முழுக்கத் தீர்ந்த பிறகுதான் சார்ஜ் போடணும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அது நிக்கல் காட்மியம் என்ற பழைய கட்டைக்குச் சொன்னது. இதற்கு அது வேண்டாம். வெளிச்சம் மங்கியதுமே எடுத்துச் சார்ஜ் போடுங்கள். அடியோடு வற்ற விடுவதுதான் கெடுதல்.

சாதாரணக் கட்டையில் 1.5 வோல்ட் என்றிருக்கும், இதில் 1.2 என்றிருக்கும். ஏமாற்றிவிட்டான் என்று நினைக்காதீர்கள். சாதாரணக் கட்டை 1.5-இல் ஆரம்பித்து இறங்கிக்கொண்டே வரும். இது கிட்டத்தட்டக் கடைசி வரை 1.2-ஐ விட்டு அதிகம் நகராது. டார்ச், பொம்மை, காமிரா எல்லாவற்றுக்கும் இது போதும். பி.பி. பார்க்கும் மெஷினுக்கு மட்டும், கூடவே வந்த புத்தகத்தில் சார்ஜ் கட்டை போடலாமா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.

இப்போது லிதியம் என்று இன்னொரு வகையும் வருகிறது. 1.5 வோல்ட் மாறாமல் கொடுக்கும். ஆனால் தீரும்போது சொல்லாமல் கொள்ளாமல் சட்டென்று அணையும். அதற்கென்று உள்ள ஒயரிலோ சார்ஜரிலோதான் போட வேண்டும். நிக்கல் கட்டைச் சார்ஜரில் போட்டால் ஆபத்து. சாதாரணக் கட்டையையும் சார்ஜரில் போடக் கூடாது. ஒழுகும், வெடிக்கவும் செய்யும்.

எங்கே வேண்டாம்?

சுவர்க் கடிகாரத்துக்கும் டி.வி. ரிமோட்டுக்கும் இந்தக் கட்டை அநாவசியம். சாதாரணக் கட்டையே ஒரு வருஷம் போல ஓடுகிற இடத்தில் என்ன மிச்சம் பிடிக்கப் போகிறோம்?

குழந்தைகள் விளையாடுகிற பொம்மையில்தான் லாபம். உங்கள் வீட்டுக் கணக்கை இப்படிப் போடுங்கள்: மாதத்துக்குக் கட்டைக்கு எவ்வளவு செலவு? சார்ஜரும் நாலு கட்டையும் சேர்ந்த விலையை அதனால் வகுத்தால் எத்தனை மாதத்தில் போட்ட பணம் வரும் என்று தெரிந்துவிடும். கரண்ட் செலவைப் பற்றிப் பயம் வேண்டாம். நாலு பென்டார்ச் கட்டையை ஒரு தடவை நிரப்ப ஒரு யூனிட்டில் சுமார் ஐம்பதில் ஒரு பங்குதான் ஆகும். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் சில நூறு தடவை நிரப்பலாம். உழைத்து ஓய்ந்த கட்டையைக் குப்பையில் போடாமல், பழைய மின்சாமான்கள் வாங்கிக்கொள்ளும் இடத்தில் கொடுங்கள்.

இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. கட்டைகளைக் குழந்தை கைக்கு எட்டாமல் வையுங்கள். முக்கியமாகச் சின்ன ரிமோட்டிலும் பாட்டுப் பாடும் பொம்மையிலும் இருக்கிற வட்டமான பொத்தான் பாட்டரி. குழந்தை அதை விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துபோகும். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், மலத்தில் வந்துவிடும் என்று காத்திருக்காதீர்கள். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

இப்போது எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். தீபாவளி லேகியம் கிளறுகிற அன்றைக்கே டார்ச்சின் 'அ' கட்டைகளும் சார்ஜரில் ஏறும். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு அது தயார். மறுபடி பொங்கல் கழிந்து ஒரு தடவை, சித்திரையில் ஒரு தடவை, ஆடி பிறந்ததும் ஒரு தடவை. டார்ச் பக்கத்திலேயே பிரிக்காத சாதாரணக் கட்டை ஒரு ஜோடியும் உதிரியாக ஒன்றும் இருக்கும். மீதியிருந்த சொட்டு மருந்தை அன்றைக்கே தூக்கி எறிந்தாயிற்று.

போன மழையில் ஒரு ராத்திரி கரண்ட் போனபோது, "அத்தை, டார்ச் எரியுது!" என்று மருமகள் உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். என்னவோ தங்க வளையல் வாங்கிக் கொடுத்த மாதிரி எனக்கு அவ்வளவு சந்தோஷம்!

இன்றைக்கு வேலை முடிந்ததும் உங்கள் வீட்டு டார்ச்சை ஒரு தடவை அமுக்கிப் பாருங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.