படகும் ஒரு பாதையே!

"வண்டியும் ஒருநாள் ஓடத்தில் ஏறும், ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும்" என்பது நம் முன்னோர் சொன்ன பழமொழி. வாழ்வில் ஏற்றமும் தாழ்வும் மாறி மாறி வரும் என்பதே இதன் பொருள். ஆனால் கேரளத்தின் கொச்சி நகரில் இப்பழமொழி நாள்தோறும் கண்ணெதிரே நடக்கிறது. வைப்பின் தீவுக்கும் கோட்டைக் கொச்சிக்கும் இடையே, 'ரோ-ரோ' என்று மக்கள் அழைக்கும் தட்டையான பெரிய படகுகள் 2018-ஆம் ஆண்டு முதல் கார்களையும் மனிதர்களையும் ஒன்றாக ஏற்றிச் செல்கின்றன. இத்தகைய ஊரை எவ்வாறு சுற்றிப் பார்க்க வேண்டும் என்பது பற்றி என் கருத்தைக் கூற விரும்புகிறேன்.

பள்ளிச் சுற்றுலா என்றாலும் குடும்பச் சுற்றுலா என்றாலும், நாம் முதலில் செய்வது ஒரு வேனை வாடகைக்கு அமர்த்துவதே. வேன் கோவில் வாசலில் நிற்கும், இறங்குவோம், படம் எடுப்போம், ஏறுவோம். சீன வலைகள், அரண்மனை, கடைத்தெரு எல்லாம் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். இதனால் கொச்சியைப் பார்த்தவர்கள் ஆவோமா? ஆகமாட்டோம் என்பதே என் எண்ணம்.

ஏனெனில் கொச்சி நீரால் பிறந்த ஊர். 1341-இல் பெரியாற்றில் ஏற்பட்ட பெருவெள்ளத்தால் பழைய முசிறித் துறைமுகம் தூர்ந்துபோக, கொச்சித் துறைமுகம் உருவாயிற்று என்று வரலாறு கூறுகிறது. போர்த்துகீசியரும், 1663-இல் டச்சுக்காரரும், 1795-இல் ஆங்கிலேயரும் இவ்வூரைத் தேடிக் கப்பலில் வந்தனர். மட்டாஞ்சேரியின் மிளகு, இஞ்சிக் கிடங்குகள் பல ஒருபுறம் தெருவையும் மறுபுறம் நீரையும் நோக்கியே கட்டப்பட்டன. சரக்கு வந்து இறங்கிய வாசல் நீர்ப்பக்கம் இருந்தது. சாலை வழியாக மட்டும் சென்றால், ஒரு வீட்டின் கொல்லைப்புறத்தை மட்டும் பார்த்துத் திரும்புவது போலாகும்.

எர்ணாகுளம் படகுத்துறையில் அரசு நீர்ப் போக்குவரத்துத் துறையின் படகில் ஏறினால், ஏறக்குறைய இருபது நிமிடத்தில் கோட்டைக் கொச்சி சேரலாம். கட்டணம் மிகக் குறைவு. இறங்கியபின் எல்லாம் நடக்கும் தூரமே. 1524-இல் மறைந்த வாஸ்கோடகாமா அடக்கம் செய்யப்பட்ட புனித பிரான்சிஸ் ஆலயம் அங்குள்ளது. அவரது உடல் பின்னர் போர்த்துக்கல் நாட்டுக்குக் கொண்டு செல்லப்பட்டது. சற்றுத் தொலைவில் திருச்சிலுவைப் பேராலயம். பழைய ஆலயத்தை ஆங்கிலேயர் இடித்தபின், இப்போதுள்ள ஆலயம் 1905-இல் அபிஷேகம் செய்யப்பட்டது. 1984-இல் பரிசுத்த தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் இதனைப் பசிலிக்காவாக உயர்த்தினார். வேளி என்னும் பகுதியில், தமிழகத்திலிருந்து சென்று குடியேறிய குடும்பங்களின் வழியினர் துணி வெளுக்கும் சலவைத் துறையையும் காணலாம்.

அங்கிருந்து பேருந்தில் மட்டாஞ்சேரி சென்றால், டச்சு அரண்மனையும் 1568-இல் கட்டப்பட்ட யூதர் ஆலயமும் அருகருகே உள்ளன. திரும்பும்போது தோப்பும்படி வழியாகப் பேருந்திலேயே எர்ணாகுளம் வரலாம். வழியில் உள்ள வெலிங்டன் தீவு, துறைமுகத்தை ஆழப்படுத்தித் தோண்டிய மண்ணைக் கொட்டி, ராபர்ட் பிரிஸ்டோ என்னும் பொறியாளரின் மேற்பார்வையில் உருவாக்கப்பட்டது. போகும்போது படகு, வரும்போது பேருந்து! நீரும் நிலமும் சேர்ந்ததே கொச்சி என்பது அப்போதுதான் விளங்கும்.

"படகு ஆபத்தானது, பெண் பிள்ளைகளை எப்படி அனுப்புவது?" என்று பெற்றோர் கேட்கலாம். அக்கேள்வி நியாயமானதே. 2015-ஆம் ஆண்டு ஆகஸ்டு 26-இல் கோட்டைக் கொச்சி அருகே பயணிகள் படகின்மீது மீன்பிடிப் படகு ஒன்று மோதி 11 பேர் உயிரிழந்தனர். அவர்கள் வேடிக்கை பார்க்கச் சென்றவர்கள் அல்லர். அன்றாட வேலையாகக் கடவு கடந்தவர்கள். விபத்து நேர்ந்தது என்பதற்காக நாம் சாலையை மூடுவதில்லை, அதைச் செப்பனிடுகிறோம். படகுக்கும் அதே நீதி வேண்டும். அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றாமை, உயிர்காப்பு மேலாடை, பழுதில்லாத படகு ஆகியவற்றைக் கேட்பது நம் உரிமை. படகையே வேண்டாம் என்பது தீர்வாகாது.

பாலம் வந்துவிட்டால் படகு எதற்கு என்போரும் உண்டு. 2004-இல் கோஸ்ரீ பாலங்கள் திறக்கப்பட்டு வைப்பின் தீவு எர்ணாகுளத்துடன் இணைந்தது. ஆனாலும் பல ஆண்டுகள் தீவின் தனியார் பேருந்துகள் நகருக்குள் விடப்படவில்லை. உயர்நீதிமன்றச் சந்திப்பில் இறங்கி வேறு பேருந்து ஏற வேண்டியிருந்தது. பாலம் மட்டும் இருந்தால் போதாது, ஏழைகள் ஏறிச்செல்ல வண்டியும் வேண்டும் என்பதை இது காட்டவில்லையா?

2023-இல் கொச்சியில் 'வாட்டர் மெட்ரோ' தொடங்கியது. 2024-இல் கோட்டைக் கொச்சிக்கும் வந்தது. மின்சாரத்தால் ஓடும் அழகிய படகுகள்! மிதக்கும் மேடை இருப்பதால், சக்கர நாற்காலியில் வருவோரும் சிரமமின்றி ஏறலாம். இது பாராட்டத்தக்கது. ஆனால் உயர்நீதிமன்றத் துறையிலிருந்து கோட்டைக் கொச்சிக்கு அது தொடங்கியபோது கட்டணம் 40 ரூபாய். சுற்றுலா செல்லும் நமக்கு அது பெரிதல்ல. நாள்தோறும் இருமுறை கடக்கும் கூலித் தொழிலாளிக்குப் பெரிதே. ஆகவே புதிய படகு ஓடட்டும். பழைய படகும் நிற்காமல் ஓடட்டும். ஆள் குறைந்தால் படகு குறையும். நாம் வாங்கும் ஒரு பயணச்சீட்டும் அதனை ஓடச் செய்யும் துணையே.

இயேசுநாதர் மக்களுக்குப் போதிக்கத் தேர்ந்தெடுத்தது சீமோன் இராயப்பரின் மீன்பிடிப் படகைத்தான். எளியோரின் படகு நமக்கும் தாழ்வானதன்று. தோழியரே, அடுத்த சுற்றுலா கொச்சிக்கு என்றால், வேனை எர்ணாகுளத்திலேயே நிறுத்திவிட்டு வரிசையில் நின்று சீட்டு வாங்குவோம். நம் ஆசிரியைகளும் அருட்சகோதரியரும் இதற்கு இசைவு தருவார்கள் என்று நம்புகிறேன்.

— பத்தாம் வகுப்பு மாணவி