ஸ்டாண்ட்பை கம்ப்யூட்டர் தூங்குகிறதா?

கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலிக்கு பஸ்ஸில் போகிறவர்கள் கயத்தாறு பக்கம் கரிசல் காட்டில் வரிசையாக நிற்கும் காற்றாலைகளைப் பார்த்திருப்பீர்கள். செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் தென்மேற்குப் பருவக்காற்று மே முதல் செப்டம்பர் வரை இவற்றைச் சுழற்றுகிறது. தேசிய காற்று ஆற்றல் நிறுவனத்தின் ஆராய்ச்சி நிலையமும் கயத்தாறில்தான் உள்ளது. சரி, காற்றாலைக்கும் நம் வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? இருக்கிறது!

ஒவ்வொரு காற்றாலையிலும் ஒரு கன்ட்ரோலர் உண்டு. காற்றின் வேகம், உற்பத்தியாகும் மின்சாரம், கியர்பாக்ஸ் சூடு எல்லாம் அதற்குத் தெரியும். இவற்றைக் கேட்டு வாங்கி சர்வருக்கு அனுப்புவது ஒரு கம்ப்யூட்டர். அதில் ஓடும் சாப்ட்வேரைத்தான் இன்டர்பேஸ் என்பார்கள். தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கொண்டு வந்த விதிகளின்படி, காற்றாலை மின்சாரத்தை 15 நிமிடத்துக்கு ஒரு கணக்காக, அதாவது நாளுக்கு 96 கணக்காக, முன்கூட்டியே மதிப்பிட்டுச் சொல்ல வேண்டும். சொன்னதற்கும் உற்பத்தியானதற்கும் அளவுக்கு மீறி வித்தியாசம் வந்தால் பணம் கட்ட வேண்டும். காற்றடிக்கும் ஜூன் மாதத்தில் தகவல் நின்றால் மதிப்பீடு எப்படிச் சரியாக வரும்?

அதனால் இரண்டு கம்ப்யூட்டர்களை வைக்கிறார்கள். ஒன்று வேலை செய்யும், மற்றது காத்திருக்கும். முதலாவது விழுந்தால் இரண்டாவது தானாகவே வேலையை எடுத்துக்கொள்ள வேண்டும். இதுதான் பெயில்ஓவர்.

முதலாவது விழுந்துவிட்டது என்று இரண்டாவதுக்கு எப்படித் தெரியும்? இரண்டும் ஒரு பொதுக் கோப்பில் சில விநாடிக்கு ஒருமுறை ஒரு எண்ணைக் கூட்டி எழுதிக்கொண்டே இருக்கும். இதை ஹார்ட்பீட் என்பார்கள். எண் ஏறாமல் நின்றால் அடுத்தவர் அவுட்! அந்தக் கோப்பை இரண்டில் ஒன்றின் ஹார்ட் டிஸ்க்கில் வைத்தால், அந்தக் கம்ப்யூட்டர் விழும்போது கோப்பும் சேர்ந்து போய்விடும். மூன்றாவது இடத்தில், முடிந்தால் சர்வரிலேயே, வைப்பதுதான் நல்லது. (இரண்டையும் ஒரே யுபிஎஸ்ஸில் மாட்டி வைத்துவிட்டு இதையெல்லாம் பேசக் கூடாது என்பது தனிக்கதை.)

ஹார்ட்பீட் மட்டும் போதும் என்று விட்டுவிடுவதைத்தான் நான் ஏற்க மாட்டேன். கம்ப்யூட்டர் நன்றாக ஓடுகிறது, எண் ஏறுகிறது. ஆனால் காற்றாலையிலிருந்து வரும் ஒயரை எலி கடித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தகவலும் வராது. ஆனால் ஸ்டாண்ட்பையோ 'அண்ணன் நன்றாக இருக்கிறார்' என்று பேசாமல் உட்கார்ந்திருக்கும். ஆகவே கன்ட்ரோலர் பதில் சொல்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்த்து மாறும்படி அமைக்க வேண்டும். கூடவே, ஸ்டாண்ட்பைக்குத் தனி ஒயர் வேண்டும். ஒரே ஒயரை நம்பி இரண்டு கம்ப்யூட்டர் வைத்து என்ன பயன்?

ஸ்டாண்ட்பையும் எல்லாத் தகவலையும் வாங்கி, அனுப்பாமல் கையில் வைத்திருப்பது 'ஹாட்' முறை. இணைப்பைத் தயாராக வைத்துக்கொண்டு, தகவல் எடுக்காமல் காத்திருப்பது 'வார்ம்'. ஹாட்தான் உசத்தி என்று விற்பவர்கள் சொல்வார்கள். ஆனால் பழைய சீரியல் ஒயரில் மோட்பஸ் முறையில் பேசும் கன்ட்ரோலரை ஒரு நேரத்தில் ஒரே மாஸ்டர்தான் கேள்வி கேட்க முடியும். அங்கே ஹாட் முறைக்கு வழியே இல்லை. 15 நிமிடக் கணக்கில் சில விநாடி இடைவெளி பெரிய நஷ்டமும் இல்லை. வார்ம் போதும் என்பது என் கருத்து.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருவோம். பிராட்பேண்ட் ஒன்று, செல்போன் ஹாட்ஸ்பாட் ஒன்று என இரண்டு இணைப்பு வைத்திருக்கிறீர்கள். விண்டோஸ் ஒவ்வொரு இணைப்புக்கும் மெட்ரிக் என்று ஒரு எண் தரும். எண் குறைவாக உள்ள வழியில்தான் போகும். தெருவில் லைன் அறுந்தாலும், மோடத்திலிருந்து கம்ப்யூட்டருக்கு வரும் கேபிள் நன்றாக இருப்பதால் பெரும்பாலும் அந்த வழியையே பிடித்துக்கொண்டு நிற்கும். எலி கடித்த அதே கதைதான்! இரண்டு இணைப்பை ஏற்கும் ரௌட்டர் வாங்கினால், அது சோதித்துப் பார்க்கும் முகவரியாக மோடத்தின் முகவரியைக் கொடுக்காதீர்கள். வெளியே இன்டர்நெட்டில் உள்ள முகவரியைக் கொடுங்கள். சரியாக மாறுகிறதா என்று பார்க்க, கம்ப்யூட்டர் பக்கத்துக் கேபிளைப் பிடுங்க வேண்டாம். மோடத்துக்குள் தெருவிலிருந்து வரும் ஒயரைக் கழற்றிவிட்டு, ஒரு வெப்சைட் திறக்கிறதா என்று பாருங்கள்.