பாரந்தூக்கியின் ஆசனமும் ஊவா இளைஞர்களும்

2025 நவம்பர் இறுதியில் நாட்டை உலுக்கிய டித்வா புயலால் மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் பதுளையும் ஒன்றாகும். மண்சரிவுகள் உயிர்களைப் பறித்தன. வீதிகளும் மலையக ரயில் பாதையும் துண்டிக்கப்பட்டன. அத்தகைய அழிவைச் செப்பனிடுவது சில மாதங்களில் முடியக்கூடிய பணியல்ல. பாலங்களின் கொங்கிறீற் உத்தரங்களைத் தூக்கி வைப்பதற்கு, பாரந்தூக்கிகளான கிரேன்கள் மலைப் பாதைகளில் ஏறியே ஆகவேண்டும். அவற்றின் ஆசனத்தில் அமரப்போவது யார் என்பதே நாம் எழுப்பும் கேள்வி.

ஊவாவுக்கு இத்தகைய வாய்ப்பு வருவது இது முதற்தடவையல்ல. 2024 ஏப்ரல் 24 ஆம் திகதி திறந்து வைக்கப்பட்ட 120 மெகாவாற் உமா ஓயாத் திட்டத்துக்காகப் பத்தாண்டுகளுக்கு மேலாக எமது வாசலிலேயே கனரக இயந்திரங்கள் இயங்கின. பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றியதையும் வீடுகளின் சுவர்கள் வெடித்ததையும் மக்கள் மறந்துவிடவில்லை. அந்த இழப்புக்கு ஈடாக, ஒரு தலைமுறை இயந்திர வினைஞர்களாவது தோட்டப்புறங்களிலும் மொனராகலைக் கிராமங்களிலும் உருவாக்கப்பட்டிருக்க வேண்டாமா?

கிரேன் இயக்குவதை, உதவியாளாகச் சேர்ந்து பக்கத்தில் அமர்ந்து பார்த்தே பழகிவிடலாம் என்பது பலரின் எண்ணம். நெம்புகோல்களை அசைக்க அவ்வாறு பழகலாம். சுமையைக் கணக்கிட முடியாது. 25 தொன் என்று எழுதப்பட்ட கிரேன் அந்த நிறையைத் தூக்குவது, அதன் கை குறுகி, சுமை ஏறக்குறைய மூன்று மீற்றர் தூரத்தில் இருக்கும்போது மட்டுமே. கை நீண்டு சுமை இருபது மீற்றருக்கு அப்பால் சென்றால் அதே இயந்திரம் ஓரிரு தொன்னுக்கே தாங்கும். இந்த விபரம் ஆசனத்தருகே உள்ள சுமை அட்டவணையில் இருக்கும். அதை வாசிக்கத் தெரியாதவர் இயந்திரம் சரியத் தொடங்கும்போதுதான் உண்மையை அறிகிறார். மலைநாட்டில் ஆபத்து இன்னும் அதிகம். வீதியோரத்தில் நிரப்பப்பட்ட மண், மழையில் ஊறிய நிலையில், கிரேனின் ஊன்றுகால்களைத் தாங்குமா என்று மதிப்பிடுவதும் தலைக்கு மேலுள்ள மின்கம்பிகளைக் கவனிப்பதும் இயக்குபவரின் கடமைகள்.

2015 செப்டெம்பர் 11 ஆம் திகதி, வெள்ளிக்கிழமை, மக்கா புனித ஹரம் பள்ளிவாசலில் கிரேன் சரிந்து நூற்றுக்கும் மேற்பட்ட யாத்திரிகர்கள் உயிரிழந்ததை எமது முஸ்லிம் சகோதரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பலத்த காற்று வீசியது உண்மையே. ஆனால் பணியில்லாத வேளையில் கிரேனின் கையைத் தாழ்த்தி வைக்குமாறு தயாரிப்பாளர் வழங்கிய அறிவுறுத்தல் பின்பற்றப்படவில்லை என விசாரணைக் குழு சுட்டிக்காட்டியது. அத்தனை பெரிய நிறுவனம் பணியாற்றிய இடத்திலேயே இந்த நிலை!

சிங்கப்பூரில் 2011 ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளின்படி, மனிதவள அமைச்சில் பதிவு பெறாதவர் கிரேனை இயக்க முடியாது. சுமையைக் கட்டுபவருக்கும் சைகை காட்டுபவருக்கும் கூடப் பயிற்சி கட்டாயம். எமது நாட்டில் 2004 முதல் தேசிய தொழிற்தகைமை முறைமை நடைமுறையில் உள்ளது. ஆனால் கனரக நிர்மாண இயந்திரங்களுக்கான அரச பயிற்சி நிலையம் இருப்பதோ பத்தரமுல்லை பெலவத்தையில். பசறையிலிருந்தோ பிபிலையிலிருந்தோ செல்லும் தொழிலாளியின் பிள்ளை அங்கு தங்குமிடத்துக்கு எங்கே போவது? கற்கை தமிழில் கிடைக்காவிட்டால் பாதுகாப்புப் பாடத்தின் பாதி காதில் விழாமலேயே போகும். கிரேன் விடயத்தில் மொழி உரிமை என்பது உயிர் சம்பந்தப்பட்டது.

இது ஆண்களுக்கு மட்டுமான தொழிலுமல்ல. கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகத்தில் உள்ளூர்ப் பெண்கள் பயிற்சி பெற்று, கட்டுப்பாட்டு அறையில் அமர்ந்தவாறே தானியங்கிக் கிரேன்களை இயக்குகின்றனர். 2025 ஏப்ரலில் செயற்படத் தொடங்கிய கொழும்பு மேற்கு முனையமும் தானியங்கி முறையிலானதே. கொழுந்து பறிக்கும் தாயின் மகளுக்கு அந்த அறையின் கதவு ஏன் திறக்கக் கூடாது?

ஆகவே, புனரமைப்புக்கான கேள்விப்பத்திரங்களில், ஊவா இளைஞர் யுவதிகளைப் பயிலுநர்களாகச் சேர்த்துத் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் வரை அழைத்துச் செல்லும் பொறுப்பை ஒப்பந்தகாரர்களுக்குக் கட்டாயமாக்க வேண்டும். பதுளை தொழினுட்பக் கல்லூரியில் தமிழ்மொழி மூலக் கோட்பாட்டு வகுப்பை ஆரம்பித்து, செய்முறைப் பயிற்சிக்கு மட்டும் பெலவத்தைக்கு விடுதி வசதியுடன் அனுப்பலாம். ஊவாவின் மக்கள் பிரதிநிதிகள் கட்சி பேதமின்றி இதனைத் தொழிற்கல்விக்குப் பொறுப்பான அமைச்சிடம் கோர வேண்டும். ஒப்பந்தங்கள் கைச்சாத்திடப்பட்ட பின்னர் கோருவதில் பயனில்லை.